நரம்பின் செய்தி தசைக்குச் சேராவிட்டால்

(வானொலியில் சென்ற மாதம் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம். நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தருகிறோம்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் அல்ல. மாசி மாதம் தொடங்கி சித்திரை முடியும்வரை உங்கள் வருமானவரிப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிற கணக்காளன். வார இறுதியில் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து இருப்பவன். அப்படிப்பட்டவனுக்கு நரம்பு, தசை பற்றியெல்லாம் என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் அக்கா.

அக்கா இங்கே டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் மகளோடு இருக்கிறா. சில ஆண்டுகளுக்கு முன் அவவுக்குப் பின்னேரங்களில் ஒரு கண் இமை மட்டும் கீழே விழத் தொடங்கியது. தொலைக்காட்சியில் ஒரு ஆள் இரண்டாகத் தெரிவதாகச் சொன்னா. நித்திரைக் குறைவு என்று நினைத்தோம். பிறகு புட்டுச் சாப்பிடும்போது பாதியில் தாடை களைத்துப்போய், கையால் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி இருப்பா. தொலைபேசியில் கதைத்தால் முதல் ஐந்து நிமிடம் குரல் தெளிவாக இருக்கும். போகப்போக மூக்கால் கதைப்பதுபோல மாறும். ஆனால் காலையில் எழும்பினால் ஒரு குறையும் இராது. குடும்ப வைத்தியரிடம் எங்களுக்கு எப்போதும் காலை பத்து மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். அங்கே போனால் அக்கா சுகதேகி!

கடைசியில் ஒரு வைத்தியர் அக்காவைக் கண் சிமிட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு இமைகளும் கடைச் சட்டர் இறங்குவதுபோல மெதுவாக இறங்கின. இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை எடுக்கும்படி குளிசை கொடுத்தார்கள். அக்கா ஏறக்குறைய பழைய ஆளாகிவிட்டா.

அடுத்த குளிர்காலத்தில் அவவுக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. மகள் வேலையில். பதின்மூன்று வயதுப் பேரனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு, முன்பதிவில்லாமல் போகக்கூடிய ஒரு கிளினிக்குக்குப் போனா. ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றா. அன்ரிபயோட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமான பாமசி பூட்டியிருந்ததால் வேறொரு பாமசியில் வாங்கினார்கள். இரண்டாம் நாள் இரவு அக்காவால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது. மூச்சு முட்டியது. மகள் 911ஐ அழைத்தா. அவசர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கு இயந்திர உதவி கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள்.

அக்காவின் நோய்க்கான குளிசைப் போத்தல் அன்று கிளினிக்கில் அவவின் கைப்பைக்குள்ளேயே இருந்தது. “ஏன் அக்கா அதை எடுத்துக் காட்டேல்லை?” என்று பிறகு கேட்டேன். “அவை கேக்கேல்லையே தம்பி” என்றா.

அந்தப் பதில்தான் என்னை இதைப்பற்றித் தேடிப் படிக்க வைத்தது.

ஒரு காசோலையின் பயணம்

ஒரு கையைத் தூக்க நினைக்கிறோம். மூளையிலிருந்து கட்டளை முதுகுத்தண்டுக்கு வந்து, அங்கிருந்து நரம்பிழை வழியாக மின் அதிர்வாகத் தசை வரைக்கும் ஓடுகிறது. ஆனால் நரம்பு தசையோடு ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டு. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த இடைவெளியை மின்சாரம் தாண்டுவதில்லை. நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனப் பொருள் வெளியேறி, இடைவெளியைக் கடந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே தசை சுருங்குகிறது. நரம்புகள் இரசாயனப் பொருள் மூலம் செய்தி சொல்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்காக ஒட்டோ லோவி, ஹென்றி டேல் ஆகிய இருவருக்கும் 1936ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

என் தொழில் மொழியில் சொன்னால் இது ஒரு காசோலை. மூளை கையெழுத்து வைக்கிறது. நரம்பு அதைக் கொண்டுபோகிறது. அசற்றைல்கோலின்தான் காசோலை. தசையிலுள்ள ஏற்பிகள், வங்கியில் காசாளர் இருக்கும் யன்னல்கள். யன்னலில் கொடுத்ததும் காசு கிடைக்கிறது. அதாவது தசை வேலை செய்கிறது.

இன்னொரு ஆளையும் மறக்கக்கூடாது. மாறிய காசோலையை உடனே கிழித்துப்போட ஒரு எழுதுவினைஞர் நிற்கிறார். கோலினெஸ்ரறேஸ் என்ற நொதியம் அது. அசற்றைல்கோலினைக் கண்மூடித் திறப்பதற்குள் உடைத்துவிடும். அது இல்லாவிட்டால் ஒரே காசோலையைத் திரும்பத் திரும்ப நீட்டிக் காசு வாங்கலாம்.

ஆகவே கணக்குப் பிழைக்கக்கூடிய இடங்கள் நாலு. காசோலையைக் கிழிக்கிறவர், அதை வாங்கும் யன்னல், அதை அனுப்பும் நரம்பு நுனி, அதைக் கொண்டுவரும் நீண்ட நரம்பிழை. மருந்தோ நஞ்சோ இந்த நாலில் எங்கே கைவைத்தாலும் வெளியே தெரிவது பலவீனம்தான். ஆனால் ஒவ்வொரு இடத்துப் பலவீனத்துக்கும் ஒவ்வொரு சாயல் இருக்கிறது. நாலுக்கும் எங்கள் ஆட்களின் ஊர்களிலேயே உதாரணம் இருக்கிறது.

பேராதனையில் கண்டது

முதலில் காசோலையைக் கிழிக்கிறவரைப் பார்ப்போம். ஊரில் தோட்டத்துக்கும் வயலுக்கும் அடித்த கிருமிநாசினிகளில் பல, ஓகனோபொஸ்பரஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. பூச்சியின் உடலில் அந்த நொதியத்தை முடக்கிக் கொல்லுவதே அவற்றின் வேலை. மனிதனுக்குள் போனாலும் அதையேதான் செய்யும். காசோலைகள் கிழிபடாமல் குவியும். வாயில் உமிழ்நீர் வழியும், வியர்க்கும், கண்மணி சுருங்கும், தசைகள் துடிக்கும். பிறகு வங்கி தாக்குப்பிடிக்க முடியாமல் கதவைச் சாத்திவிடும். தசை அசையாது.

இது உலகம் அறிந்த விடயம். பல நாட்கள் கழித்து, இரண்டு மூன்று வாரத்தில், கால்களில் வரும் வேறொரு பலவீனமும் தெரிந்திருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருப்பதைக் கண்டு எழுதியவர்கள் இலங்கை வைத்தியர்கள். பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் ஆபத்து தாண்டி, வியர்வையும் உமிழ்நீரும் நின்று, ‘இனிப் பயமில்லை’ என்று எல்லோரும் மூச்சுவிடுகிற நேரம். நஞ்சு உடலில் சேர்ந்து 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் இந்தப் பத்துப்பேருக்கும் கழுத்து, தோள், தொடைத் தசைகள் சோர்ந்தன. நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. அத்ரோபின் ஊசி உமிழ்நீர்ச் சுரப்பையும் இதயத்தையும் சரிசெய்யும். தசைச் சந்தியில் அதற்கு வேலையில்லை. மூச்சு இயந்திரம்தான் துணை.

இதற்கு அவர்கள் இடைநிலை நோய்க்குறித்தொகுதி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இன்று உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. நோயாளியைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனை. தூக்க முடியாவிட்டால் அடுத்து மூச்சுத் தசை சோரலாம் என்று வைத்தியர் விழித்துக்கொள்வார். என் அக்காவுக்கும் அந்த இரவு முதலில் தோற்றது கழுத்துத்தான்.

இந்த மருந்துகள் எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டில் இழவு விழுத்தின என்பது உங்களுக்குத் தெரியும். தவறுதலாகவும் நடந்தது, மனமுடைந்த வேளையிலும் நடந்தது. இலங்கை 1995இலும் 1998இலும் மிகக் கொடிய கிருமிநாசினிகள் சிலவற்றைத் தடைசெய்தது. 1995க்கும் 2005க்கும் இடையில் நாட்டில் தற்கொலை வீதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் அந்த ஒரு கெட்ட நேரம் கடந்துபோகும் என்பதுதான் அதன் பொருள். இங்கே கனடாவில் அப்படியொரு நேரம் யாருக்காவது வந்தால், 988 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

எட்டடி விரியனும் அக்காவின் நோயும்

இரண்டாவது இடம் யன்னல்கள். எட்டடி விரியன், கட்டு விரியன் என்றெல்லாம் நாங்கள் சொல்லும் பாம்பை வன்னியில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிய நோவோ வீக்கமோ இராது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவர்களும் உண்டு. விடிய வயிற்று நோ, பிறகு இமை விழுதல், பேச்சுக் குளறல், மூச்சுத் தடை. நஞ்சின் ஒரு பகுதி தசையின் யன்னல்களை அடைத்துவிடுகிறது. இன்னொரு பகுதி நரம்பு நுனியையே கெடுத்துவிடுகிறது. கெட்ட நுனி திரும்ப வளர நாட்கள் வேண்டும். அதனால் விஷமுறிவு ஊசி போட்ட பிறகும் சிலரைப் பல நாட்கள் மூச்சு இயந்திரத்தில் வைத்திருக்க வேண்டிவருகிறது.

இந்தப் பாம்பினத்தின் நஞ்சு விஞ்ஞானத்துக்கு ஒரு உபகாரமும் செய்தது. தாய்வானில் உள்ள விரியனின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், யன்னலில் போய் ஒட்டினால் விடாது. ஆகவே அதில் அடையாளம் வைத்து அனுப்பினால் ஒரு தசையில் எத்தனை யன்னல்கள் இருக்கின்றன என்று எண்ணலாம். 1973இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் பாம்புறோ, டிறாக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் மயஸ்தீனியா நோயாளரின் தசையை இப்படி எண்ணிப் பார்த்தார்கள். யன்னல்கள் மிகவும் குறைந்திருந்தன. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் ஆட்களையே எதிரியென்று நினைத்து யன்னல்களை உடைக்கிறது என்பது அந்தக் காலத்து ஆய்வுகளால் தெளிவாயிற்று.

அக்காவுக்குக் காலையில் ஏன் நல்லாக இருந்தது என்பதும் இதிலிருந்து விளங்கும். ஓய்வுக்குப் பிறகு நரம்பு முதலில் அனுப்பும் காசோலைக் கட்டு பெரியது. தொடர்ந்து வேலை வாங்கினால் கட்டு மெலியும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். எங்களிடம் யன்னல்கள் தாராளமாக இருப்பதால் தெரிவதில்லை. பத்து யன்னலில் மூன்று மட்டும் திறந்திருப்பவருக்குக் கட்டு மெலிந்ததும் வேலை நின்றுவிடும். அதனால்தான் பின்னேரம் இமை விழுகிறது, பாதிச் சாப்பாட்டில் தாடை களைக்கிறது.

நஞ்சே மருந்தாகும் இடம்

தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் பூசிய கியூராரே என்ற நஞ்சும் இதே யன்னல்களைத்தான் அடைக்கிறது. 1934இல் இங்கிலாந்தின் கிறீனிச்சில் மேரி வோக்கர் என்ற வைத்தியர், மயஸ்தீனியா நோயாளரின் நிலை கியூராரே நஞ்சேறியவரின் நிலையைப்போல இருப்பதைக் கவனித்தார். அப்படியென்றால் கியூராரேக்குக் கொடுக்கும் மாற்று மருந்தை இதற்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று யோசித்தார். அந்த மாற்று மருந்து ஆபிரிக்காவின் ஒரு நச்சு விதையிலிருந்து எடுப்பது. கோலினெஸ்ரறேஸைத் தடுப்பது அதன் வேலை. ஊசி போட்டதும் நோயாளியின் இமை உயர்ந்தது.

அக்கா இன்று எடுக்கும் பிரிடோஸ்ரிக்மின் குளிசை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. காசோலையைக் கிழிக்கிறவரைக் கொஞ்ச நேரம் தாமதிக்க வைக்கிறது. காசோலை சற்றுக் கூடுதல் நேரம் சுற்றித் திரிந்து, திறந்திருக்கும் யன்னலைக் கண்டுபிடித்துவிடுகிறது. கவனித்தீர்களா? வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினி செய்வதும் இதே வேலைதான். அது கட்டுக்கடங்காமல் செய்கிறது, இது அளவோடு செய்கிறது. ஆகவே இந்தக் குளிசையும் அளவு கூடினால், வயிற்றோட்டம், உமிழ்நீர், தசைத் துடிப்பு என்று தொடங்கிப் பலவீனமே வரும். குறைந்தாலும் பலவீனம், கூடினாலும் பலவீனம். “இன்றைக்குக் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, இன்னொன்று போடுவோம்” என்று தாமாகவே கூட்டக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

கியூராரேக்கும் கனடாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1942 ஜனவரி 23ஆம் திகதி மொன்றியலில் ஹரோல்ட் கிறிபித், ஈனிட் ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள், சத்திரசிகிச்சைக்காக மயக்கிய நோயாளிக்கு அதிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தினார்கள். அதன் பிறகு தசை தளர்த்தும் மருந்துகள் சத்திரசிகிச்சையில் வழக்கமாகின. மயக்க மருந்து கொடுப்பவர் பக்கத்தில் நின்று உங்களுக்காக மூச்சு விடவைக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அந்த மருந்து கொடுக்கப்படுகிறது.

அவற்றுள் ஒன்று சக்சினைல்கோலின். இரத்தத்திலுள்ள ஒரு நொதியம் அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். பரம்பரையாக அந்த நொதியம் இல்லாதவர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் மூச்சுத் தசை அசையாது. பொதுவாக இது மிக அரிது. ஆனால் தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில் வைசிய சமூகத்தினரிடையே இது வியக்கத்தக்க அளவில் அதிகம் என்பதும், அதற்குக் காரணமான மரபணு மாற்றமும் 2006இல் வெளியான ஆய்வில் எழுதப்பட்டன. எந்தக் குடும்பத்திலும் இருக்கலாம். “எங்கட சித்தப்பாவுக்கு ஒப்பரேசன் முடிஞ்சு கனநேரம் மூச்சு வரேல்லை” என்ற பழைய வீட்டுக் கதை ஒன்று இருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன் அதைச் சொல்லவேண்டும். கதை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அன்ரிபயோட்டிக் ஏன் அக்காவை விழுத்தியது?

மூன்றாவது இடம் காசோலையை அனுப்பும் நரம்பு நுனி. அசற்றைல்கோலின் வெளியேற அங்கே கல்சியம் வேண்டும். ஜென்ராமைசின் போன்ற ஊசி அன்ரிபயோட்டிக்குகளும், ஊசியாக ஏற்றும் மக்னீசியமும் அந்த வெளியேற்றத்தைக் குறைக்கின்றன. முகச் சுருக்கத்துக்குப் போடும் பொட்டொக்ஸ் ஊசி அதை மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறது. அது வேலை செய்வதே அப்படித்தான்.

சுகதேகிக்கு ஜென்ராமைசினால் வரும் சிறு குறைவு தெரியாது. யன்னல்கள் தாராளமாக இருப்பதால் ஈடுகொடுத்துவிடும். ஏற்கனவே பெரும்பாலான யன்னல்களை இழந்தவருக்கு அந்தச் சிறு குறைவே கணக்கைப் பூச்சியத்துக்குக் கீழே தள்ளிவிடும்.

சிப்புறோபுளொக்சசின், லீவோபுளொக்சசின், மொக்சிபுளொக்சசின் என்று ‘புளொக்சசின்’ என முடியும் மருந்துகளும் இந்தச் சந்தியில் செய்தி கடப்பதைக் குறைக்கின்றன. மயஸ்தீனியா உள்ளவர்களுக்குப் பலவீனத்தைக் கூட்டலாம் என்று 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அவற்றின் விபரத்தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. கனடாவிலும் அந்த எச்சரிக்கை உண்டு. அசித்ரோமைசின் வகை, இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் பீற்றா தடுப்பான்கள் சில, மலேரியாவுக்கான குவினீன், குளோறோகுவின் ஆகியவற்றிலும் அவதானம் வேண்டும். இந்தியப் பயணத்துக்கு முன் மலேரியாக் குளிசை எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் அன்ரிபயோட்டிக்கை மறுக்கவேண்டாம். எடுக்கும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். நெஞ்சில் கிருமித் தொற்று வந்தாலே மயஸ்தீனியா கூடலாம். அக்காவின் விடயத்தில் இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றே வைத்தியர்கள் சொன்னார்கள். தொற்றுக்கு மருந்து கட்டாயம் வேண்டும். எந்த மருந்து என்று தெரிவு செய்ய வைத்தியருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்கவேண்டும். அவ்வளவுதான்.

மலையகத்தில் ஒரு போத்தல் நல்லெண்ணெய்

நாலாவது இடம் நீண்ட நரம்பிழை. இந்தக் கதை எங்கள் சடங்கோடு சம்பந்தப்பட்டது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளுக்குத் திடீரெனக் கால்கள் சோர்ந்தன. இந்தப் பலவீனம் மேலே சொன்னவற்றைப்போல இமையில் தொடங்குவதல்ல, பாதத்தில் தொடங்குவது. நடக்கும்போது முன்பாதம் தொங்கும், செருப்பு காலில் நிற்காது. பிறகுதான் கைகளுக்கு வரும். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது என்ன? எல்லோரும் அண்மையில் பெரியபிள்ளையானவர்கள்.

பிள்ளை பெரியபிள்ளையானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. இடுப்புக்கு உறுதி என்று அம்மாமார் வற்புறுத்திக் குடிக்க வைத்ததை இந்த உரையைக் கேட்கும் சகோதரிகள் பலர் நினைத்துப் பார்ப்பீர்கள். அந்தச் சிறுமிகளுக்குக் கொடுத்த நல்லெண்ணெயில் ட்றைக்கிறெசில் பொஸ்பேற்று என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கும் பொருள் அது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அதே நிமால் சேனநாயக்கவும், ஜெயரட்ணம் என்ற வைத்திய ஆய்வாளரும் 1981இல் பிரித்தானியாவின் லான்செற் சஞ்சிகையில் இதை எழுதினார்கள்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது? பாதத்துக்குப் போகும் நரம்பின் உயிரணு முதுகுத்தண்டில் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். நுனிக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தூரம் பயணம் செய்தே போகவேண்டும். இந்த நஞ்சு இழையைக் கெடுக்கும்போது மிக நீண்ட இழையின் நுனிதான் முதலில் பட்டுப்போகிறது. கடைவால் வாய்க்காலுக்குத் தண்ணீர் முதலில் நிற்பதுபோல. உடனே தெரிவதுமில்லை. நஞ்சு உள்ளே போய் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே பலவீனம் வெளிப்படும். அதனால் காரணத்தைப் பிடிப்பதும் கடினம். பட்ட நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்.

இதே நஞ்சு 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் ஒன்றில் கலந்து பல்லாயிரம் பேரின் கால்களைக் கெடுத்தது. 1959இல் மொறொக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்று ஏறக்குறைய 10,000 பேரைப் பாதித்தது. அங்கெல்லாம் வியாபாரிகளின் பேராசை. மலையகத்தில், பிள்ளைக்கு நல்லது என்று தாய்மார் அன்போடு கொடுத்த எண்ணெய்.

இதிலே நான் கவனித்தது ஒன்று. ‘என்ன மருந்து கொடுத்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தத் தாய்மார் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய்யல்ல. நல்லெண்ணெய் மருந்தென்று யார் நினைப்பார்? நாங்களும் அப்படித்தான். சூரணம், லேகியம், ஊரிலிருந்து வந்த எண்ணெய், பக்கத்து வீட்டம்மா தந்த குளிசை எதுவும் எங்கள் கணக்கில் மருந்தல்ல. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதியில் தென்னாசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. ஈயமும் நரம்பிழையைக் கெடுத்து மணிக்கட்டைத் தொங்கவைக்கக்கூடியது. நாட்டு மருந்தெல்லாம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எடுப்பதைச் சொல்லுங்கள் என்கிறேன்.

கேட்காமலே சொல்லவேண்டியவை

“அவை கேக்கேல்லையே” என்று அக்கா சொன்னதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எங்கே வந்தது என்று எங்களுக்குத் தெரியும். சோதனைச்சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில். கூட ஒரு சொல் சொன்னால் ஆபத்து. இங்கே வந்து அகதி விசாரணைக்கு இருந்தபோதும் அதையேதான் சொல்லித் தந்தார்கள். அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் வைத்தியரின் அறை சோதனைச்சாவடியல்ல. அங்கே சொல்லாமல் விட்டது எங்களுக்கு எதிராகவே திரும்பும்.

ஆகவே நேயர்களே, சில காரியங்களைச் செய்யுங்கள்.

நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலைப் பாமசியில் அச்சிட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். அதன் கீழே நோயின் பெயரை எழுதி, சுகாதார அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்தையும் விற்றமின்களையும் அதே தாளில் எழுதுங்கள்.

இயலுமானவரை ஒரே பாமசியில் வாங்குங்கள். வேறிடத்தில் வாங்கினால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். ‘ஒவ்வாமை’ வேறு, ‘நோய்’ வேறு, ‘எடுக்கும் மருந்து’ வேறு என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு ஏதும் நடந்தால் அந்தப் பாரத்தையும் பிள்ளைதான் சுமக்கும். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

மயஸ்தீனியா உள்ளவர்கள் இந்த வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள்: “ஐ ஹாவ் மயஸ்தீனியா கிராவிஸ். இஸ் திஸ் மெடிசின் சேஃப் ஃபோர் மீ?” இதைச் சொல்ல ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

விழுங்க முடியாமை, குரல் அடங்குதல், தலையைத் தூக்க முடியாமை, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை வந்தால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். உடனே 911. திடீரென ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கும் 911தான். அவசரமில்லாத சந்தேகத்துக்கு ஒன்ராறியோவில் 811ஐ அழைத்துத் தாதியோடு கதைக்கலாம். மருந்தோ நஞ்சோ தவறுதலாக உள்ளே போய்விட்டது என்று சந்தேகித்தால் நஞ்சுத் தகவல் நிலையம் 1-844-764-7669.

அக்கா இப்போது சுகமாக இருக்கிறா. கைப்பைக்குள் அந்தத் தாள் நாலாக மடித்தபடி இருக்கிறது. அன்று கூடப்போன பேரன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அந்த நாளைப் பற்றி அவன் ஒருபோதும் கதைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மருந்து மாறும்போது புதிய தாளை அச்சிட்டுக் கொண்டுவந்து வைப்பவன் அவன்தான். போன மாதம் பல் வைத்தியரிடம் போனபோது, கதிரையில் இருந்து அவர் வாயைத் திறக்கச் சொல்ல முன்னமே அக்கா தாளை நீட்டினாவாம்.

நீங்களும் நீட்டுங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.